நெல்லைச் சீமைக்கு ஜெர்சி மாடு வந்த கதை

மாட்டுப் பொங்கல் வாழ்த்துப் படங்களில் வரும் மாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? உயர்ந்த திமில், வளைந்த கொம்பு, தொங்கும் அலைதாடி. ஆனால் அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரையோர ஊர்களின் தொழுவங்களில் இன்று கட்டியிருக்கும் மாட்டைப் பார்த்தால் அநேகமாகத் திமிலே இருக்காது. செம்பழுப்பு நிறம், குட்டைக் கொம்பு, நேரான முதுகு, பெரிய மடி. ஊரில் அதற்குப் பெயர் 'ஜெர்சி மாடு'. உண்மையில் அது முழு ஜெர்சி அல்ல. பாதி சீமை, பாதி நாடு.

அந்தத் திமில் எப்போது, எப்படிக் காணாமல் போனது? வெளிநாட்டுக் காளை வந்தது, நாட்டு மாடு போனது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் உற்றுப் பார்த்தால், மாட்டின் ரத்தம் மாறுவதற்கு முன்பே மாட்டை வைத்துப் போட்ட கணக்கு மாறிவிட்டது தெரியும்.

பழைய கணக்கு

தாமிரபரணிப் பாசனம் என்பது எட்டு அணைக்கட்டுகளின் பாசனம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று மேற்கே தொடங்கி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று கிழக்கே முடியும். கார், பிசானம் என்று ஆண்டுக்கு இரண்டு போகம் நெல். இரண்டு போகம் என்றால் இரண்டு முறை உழவு, இரண்டு முறை தொழி அடிப்பு, இரண்டு முறை சூடடிப்பு. இத்தனையும் மாடுகளின் முதுகில்தான் நடந்தன. நெல்லை ஏற்றிப்போகும் வண்டியும் மாட்டு வண்டியே.

ஆகவே அன்றைய விவசாயிக்குப் பசு என்பது முதலில் பால் தரும் பிராணி அல்ல. ஏர் மாட்டுக்குத் தாய். காளைக்கன்று பிறந்தால் வீட்டில் சந்தோஷம். இரண்டு மூன்று வருடம் வளர்த்தால் ஏரில் பூட்டலாம், இல்லாவிட்டால் சந்தையில் விற்கலாம். கழுகுமலை போன்ற மாட்டுச் சந்தைகளில் நல்ல ஜோடிக் காளைக்குத்தான் கூட்டம் கூடும். துண்டைப் போட்டு மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள்.

பசு தரும் பால் ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு லிட்டர். அதிலும் கன்றுக்குப் போக மீதிதான் வீட்டுக்கு. கன்று முட்டிக் குடித்தால்தான் நாட்டுப் பசு பால் சுரக்கும். கன்று இறந்துவிட்டால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்தி ஏமாற்றிக் கறப்பதும் உண்டு. காபிக்கடைக்கும் தயிருக்கும் நெய்க்கும் பெரும்பாலும் எருமைதான் கைகொடுத்தது.

இன்னொரு வரவும் இருந்தது: சாணம். அறுவடை முடிந்த வயலில் கோனார்களின் மாட்டு மந்தையையும் ஆட்டு மந்தையையும் ராத்திரி அடைத்துக் 'கிடை' போடுவார்கள். கிடை போட்டதற்கு வயல்காரர் கூலி தருவார். அந்த மாடு பால் கறக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

தமிழ்நாட்டின் பெயர்பெற்ற மாட்டினங்களை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிகுளம் எல்லாமே வேலைக்குப் பேர்போனவை. சிந்தி, சாஹிவால், கிர் போலப் பாலுக்குப் புகழ்பெற்ற ஓரினம்கூட இங்கே உருவாகவில்லை. இது மாட்டின் குறையா? இல்லை. நூற்றாண்டுகளாக மனிதர்கள் மாட்டிடம் எதைக் கேட்டார்களோ அதையே அது கொடுத்தது. கேட்டது உழைப்பு, கிடைத்ததும் உழைப்பு.

முதல் முயற்சிகள்

சீமைக் காளையை நாட்டுப் பசுவோடு சேர்க்கும் யோசனை சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது இன்னும் நூறு வருடம் பழையது. 1850-களில் பாட்னாவில் கமிஷனராக இருந்த வில்லியம் டெய்லர், இங்கிலாந்திலிருந்து ஷார்ட்ஹார்ன் காளைகளை வரவழைத்து உள்ளூர்ப் பசுக்களோடு சேர்த்தார். அந்தக் கலப்பில் வந்த மாடுகளுக்கு 'டெய்லர்' என்றே பெயர் நின்றுவிட்டது. 1889-ல் அலகாபாத்தில் ராணுவப் பால்பண்ணை தொடங்கியது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் பாலும் வெண்ணெயும் வேண்டும். அதற்காக அயர்ஷையர், ஃப்ரீசியன் காளைகள் வந்தன.

பெங்களூரில் இருந்த இம்பீரியல் பால்பண்ணை நிறுவனத்திலும் இதே வேலை நடந்தது. 1927-ல் உடல்நலம் தேற பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள் அங்கே போய் மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டது பலருக்குத் தெரியாத செய்தி. அப்போது அதை நடத்தியவர் வில்லியம் ஸ்மித்.

மறு ஆண்டு, 1928-ல், லின்லித்கோ தலைமையிலான ராயல் விவசாயக் கமிஷன் அறிக்கை தந்தது. அது சுட்டிக்காட்டிய சிக்கல் முக்கியமானது. தீவனம் குறைவு, அதனால் மாடு மெலிவு. மெலிந்த மாட்டால் போதிய வேலை நடப்பதில்லை என்று விவசாயி இன்னும் இரண்டு மாட்டைச் சேர்க்கிறான். சேர்த்ததும் இருக்கிற தீவனம் இன்னும் குறைகிறது. இது ஒரு விஷ வட்டம். இந்த வட்டத்துக்குள் சீமைக் காளையைக் கொண்டுவந்து விட்டாலும் அதன் கன்று என்னத்தைத் தின்னும்?

தீவனம் மட்டுமல்ல, நோயும் தடையாக இருந்தது. வெக்கை நோய் ஒருமுறை வந்தால் ஊர் மந்தையே காலியாகும். சீமை மாடுகள் அதற்கு இன்னும் எளிதில் பலியாயின. 1920-களில் முக்தேஸ்வரில் எட்வர்ட்ஸ் ஆட்டின் வழியாக உருவாக்கிய தடுப்பு மருந்தும், 1932-ல் ராணிப்பேட்டையில் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமும்தான் தென்னாட்டில் இந்தப் பயத்தைக் குறைக்கத் தொடங்கின. வெக்கை நோய் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்ட ஆண்டு 2011. கலப்பின மாட்டின் வரலாற்றில் காளைக்கு உள்ள இடம் இந்தத் தடுப்பூசிக்கும் உண்டு.

காளை வரவில்லை, ஊசி வந்தது

அதுவரை ஊரில் பொலிகாளை என்றால் கோயில் காளைதான். நேர்ந்து விடப்பட்ட காளை ஊரெல்லாம் சுற்றும், மேயும். அதன் தரம் எப்படியிருக்கிறதோ அப்படியே ஊர்க் கன்றுகளும்.

1939-ல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் இந்தியாவில் முதன்முறையாகச் செயற்கை முறைக் கருவூட்டலைச் செய்துகாட்டினார். சுதந்திரத்துக்குப் பிறகு முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் 'கீ வில்லேஜ்' திட்டம் என்ற பெயரில் கருவூட்டல் நிலையங்கள் வந்தன. ஆனால் எடுத்த விந்து இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஐஸ் வைத்து பஸ்ஸில் அனுப்பி, கிராமத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வீணாகும்.

இந்தத் தடையை உடைத்த கண்டுபிடிப்பு இங்கிலாந்தில் நடந்தது. 1949-ல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரின் சேர்த்தால் விந்தணுக்கள் உறைநிலையிலும் சாவதில்லை என்று கண்டார்கள். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. ஒரு காளையிடம் ஒருமுறை எடுத்ததை நூற்றுக்கணக்கான சிறு குச்சிகளில் அடைக்கலாம். ஊட்டியில் இருக்கும் ஜெர்சி காளைக்கு மதுரை வெயில் எப்படியிருக்கும் என்றே தெரியாது. ஆனால் அதன் பிள்ளைகள் பாபநாசத்தில் பிறக்கும்!

தமிழ்நாட்டில் இந்த முறை பரவியபோது கிராமத்து மக்கள் இதற்கு வைத்த பெயர் 'சினை ஊசி'. காலையில் மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் சாயங்காலம் ஊசி. சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி. இந்த நேரக் கணக்கை முதலில் மனப்பாடம் செய்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். தொழுவத்தில் மாட்டின் மாற்றத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள்தானே.

ஏன் ஜெர்சி?

சீமை இனங்களில் அதிகப் பால் தருவது ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன். அப்படியிருக்க நெல்லைக்கு ஏன் ஜெர்சியைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஜெர்சி சின்ன மாடு. சுமார் 400 கிலோ. ஃப்ரீசியன் 600 கிலோ வரை போகும். சின்ன உடம்புக்குத் தீவனம் குறைவு, வெயிலையும் ஓரளவு தாங்கும். பாலில் கொழுப்போ 5 சதவீதத்தை ஒட்டி. இதனால் சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி போன்ற மலைப்பகுதிக்கு ஃப்ரீசியன் என்று தமிழ்நாடு பிரித்துக்கொண்டது. பல இடங்களில் முதலில் சிவப்புச் சிந்திக் காளையால் உள்ளூர் மாட்டை மேம்படுத்தி, பிறகு ஜெர்சியைச் சேர்த்தார்கள்.

ஜெர்சியின் சொந்த ஊர் இங்கிலீஷ் கால்வாயில் உள்ள ஒரு குட்டித் தீவு. அங்கே 1789-லேயே வெளி மாடு உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டு இனத்தைக் காப்பாற்றினார்கள். வெளி இன விந்தைக்கூட 2008-ல்தான் அனுமதித்தார்கள். உலகம் முழுவதும் கலப்புக்குப் பயன்பட்ட இனம், தன் வீட்டில் இருநூறு வருடம் கலப்பையே அனுமதிக்கவில்லை என்பது வேடிக்கையான முரண்.

கலப்பில் ஒரு பின்னக் கணக்கு உண்டு. நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டால் கன்று பாதிக்குப் பாதி. முதல் தலைமுறையில் இரண்டு இனத்தின் நல்ல குணமும் சேர்ந்து பால் நன்றாகவே கூடும். ஆசைப்பட்டு அதற்கும் ஜெர்சி ஊசி போட்டால் அடுத்த கன்று முக்கால் பங்கு சீமை. அதற்கு மேலும் போனால் வெயிலுக்கு மூச்சு வாங்கும், உண்ணிக் காய்ச்சல் வரும், சினை பிடிக்காது. முக்கால் பசுவைப் பாதிக் காளையோடு சேர்த்தால் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 62.5 சதவீதம். பாதிக்கும் இந்த 62.5-க்கும் நடுவில் நிறுத்துவதே நம் ஊருக்கு நல்லது என்பது வல்லுநர்கள் பொதுவாகச் சொன்ன முடிவு. ஆனால் எந்த மாட்டுக்கு எத்தனை முறை என்ன ஊசி போட்டார்கள் என்று எழுதி வைக்காத ஊரில் இந்தப் பின்னத்தை யார் கணக்குப் பார்ப்பது?

இந்த இடத்தில் பொதிகை மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கேரளம் 1961-ல் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் கொண்டுவந்து, உரிமம் இல்லாத காளைகளைக் காயடிக்கச் சொன்னது. 1963-ல் சுவிட்சர்லாந்தின் உதவியோடு மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டியில் பிரவுன் சுவிஸ் காளைகளை வைத்துக் கலப்பினத் திட்டம் தொடங்கியது. காளைகளின் மகள்கள் எவ்வளவு கறக்கின்றன என்று கிராமம் கிராமமாக அளந்து, அதன்படி அடுத்த காளையைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி உருவான மாட்டுக்குச் 'சுனந்தினி' என்ற பெயரும் கிடைத்தது. தமிழ்நாட்டில் உருவான மாட்டுக்கோ அப்பன் பெயர் மட்டும்தான் மிச்சம். 'ஜெர்சி' என்று கூப்பிடும்போது அதன் தாய் எந்த ஊர் மாடு என்பதே மறந்துபோகிறது.

ஆனால் கேரளத்தின் வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. அங்கே வெச்சூர் என்ற குட்டைப் பசு இனம் கிட்டத்தட்ட அழிந்தே போனது. 1989-ல் மண்ணுத்தியில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் மாணவர்களும் மிச்சமிருந்த சில மாடுகளைத் தேடிப் பிடித்து வந்துதான் அந்த இனத்தை மீட்டார்கள்.

கணக்கு எப்படி மாறியது?

ஊசி வந்ததால் மட்டும் விவசாயி மாறிவிடவில்லை. மூன்று விஷயங்கள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் நடந்தன.

முதலாவது, டிராக்டர். தொழி அடிக்கவும் வண்டி இழுக்கவும் இயந்திரம் வந்ததும் ஏர் மாட்டின் விலை விழுந்தது. ஏர் மாடு வேண்டாம் என்றால் அதைப் பெறும் தாயும் வேண்டாம்.

இரண்டாவது, வைக்கோல். 1937-ல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட 'அம்பை 16' குட்டை ரகம். இதைப் போன்ற ரகங்களில் நெல் கூடியது, தாள் குறைந்தது. வீட்டு முன்னால் இருந்த வைக்கோல் படப்பு சிறியதாயிற்று. பத்து மாட்டை வைத்துக் காப்பாற்ற முடியாது. ஒன்றிரண்டு மாட்டை வைத்து அதிகம் கறப்பதே வழி.

மூன்றாவது, பாலுக்குச் சந்தை. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 18 பால் பகுதிகள், சென்னை உட்பட நான்கு பெருநகரங்கள். இரண்டாம் கட்டத்தில் அது 136 பகுதிகளாக விரிந்தது. தமிழ்நாட்டில் 1981-ல் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் உருவாகி 'ஆவின்' என்ற பெயர் வீடு வீடாக நுழைந்தது. கிராமத்துப் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் ஊற்றலாம். கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து விலை. அறுவடைக்கு ஆறு மாதம் காத்திருந்த குடும்பத்துக்கு வாரா வாரம் கையில் காசு!

இங்கேதான் கலப்பினப் பசு ஜெயித்தது. நாட்டுக் கிடேரி தலைஈத்துக்கு வர நான்கு வருடம் ஆகும். கலப்பினம் மூன்று வருடத்துக்குள் ஈன்றுவிடும். கன்று இல்லாமலே பால் சுரக்கும். இன்றைய அரசுப் புள்ளிவிவரத்திலும் நாடு முழுக்கச் சராசரியாகக் கலப்பினப் பசு ஒரு நாளைக்கு 8 கிலோவை ஒட்டித் தருகிறது; நாட்டுப் பசு 3 அல்லது 4 கிலோ.

நிலமில்லாதவர்களுக்கும் இதில் இடம் கிடைத்தது. 1980 முதல் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கறவை மாட்டுக் கடன் கொடுத்தார்கள். அது எல்லோரையும் கரையேற்றவில்லை. பொருளியல் அறிஞர் நீலகண்ட ரத் 1985-ல் அத்திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தார். தீவனமும் சந்தையும் இல்லாத ஊரில் மாட்டை மட்டும் கொடுத்தால் கடன்தான் மிஞ்சும் என்பது அந்த விவாதத்தின் சாரம். 2011-ல் தமிழக அரசு ஐந்து ஆண்டுகளில் 60,000 விலையில்லாக் கறவைப் பசுக்கள் தரும் திட்டத்தைத் தொடங்கியபோதும் கொடுத்தது கலப்பினப் பசுக்களைத்தான்.

செலவுப் பக்கம்

வரவை மட்டும் எழுதினால் கணக்கு முடியாது. ஜெர்சி மாடு வைக்கோலும் கழனித் தண்ணீரும் குடித்துப் பத்து லிட்டர் கறக்காது. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, கலப்புத் தீவனம், கோ-4 போன்ற ஒட்டுப்புல் எல்லாம் வேண்டும். இவற்றில் பெரும்பகுதியைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். மடிநோய் வந்தால் ஒரு காம்பு போகும், அதோடு அந்த மாதத்து லாபமும் போகும். கோமாரி, 2022-ல் பரவிய தோல் கழலை நோய் போன்றவை வந்தால் குடும்பமே ஆடிப்போகும். பழைய மாடு கொஞ்சம் கொடுத்தது, கொஞ்சம் கேட்டது. புதிய மாடு நிறையக் கொடுக்கிறது, நிறையக் கேட்கிறது. கொடுப்பதற்கும் கேட்பதற்கும் நடுவில் உள்ள சிறு தொகைதான் விவசாயியின் லாபம்.

அதைவிடப் பெரிய மாற்றம் காளைக்கன்றுக்கு நடந்தது. ஒரு காலத்தில் வீட்டின் சொத்தாக இருந்த காளைக்கன்று இன்று பெரும் செலவு. திமில் இல்லாததால் நுகத்தடி சரியாக உட்காராது, உச்சி வெயிலில் உழ மூச்சு வாங்கும் என்று விவசாயிகள் அதை ஒதுக்கினார்கள். சில நாளிலேயே அது மேலப்பாளையம் சந்தைக்கோ, செங்கோட்டை வழியாகப் புளியரை தாண்டியோ போய்விடும்.

எருமையும் அநேகமாக மறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2012 கணக்கெடுப்பில் 7.8 லட்சமாக இருந்த எருமைகள் 2019-ல் 5.19 லட்சமாகக் குறைந்தன. அதே 2019 கணக்கில் இந்தியாவின் மாடுகளில் கலப்பினமும் சீமையும் சேர்ந்து நான்கில் ஒரு பங்குதான். தமிழ்நாட்டிலோ நான்கில் மூன்று பங்குக்கும் மேல்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது நாட்டு மாடு என்ற சொல் மறுபடி எல்லோர் வாயிலும் வந்தது. ஜெர்சியை ஒரு சதி என்றே சிலர் பேசினார்கள். ஆனால் சதி என்று சொல்லிவிட்டால், நாற்பது வருடமாகப் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்களின் கணக்கு என்னவாகும்? அவர்கள் யாரும் ஏமாந்து ஜெர்சியை வாங்கவில்லை. ஏருக்கு வேலை போன பிறகு எந்த மாடு வீட்டைக் காப்பாற்றும் என்று பார்த்துத்தான் வாங்கினார்கள். அதேபோல, நாட்டு மாட்டை வெறும் பால் லிட்டரில் அளந்து 'தரமற்றது' என்று ஒதுக்கிய அதிகாரிகளின் கணக்கும் முழுமையானதல்ல. எரு, உழைப்பு, நோய் தாங்கும் சக்தி எதுவும் அந்த நோட்டில் ஏறவே இல்லை.

இப்போது ஊட்டியில் பாலினம் பிரித்த உறைவிந்து தயாரிக்கும் வசதி வந்திருக்கிறது. அதைப் போட்டால் பத்தில் ஒன்பது கன்று கிடேரியாகவே பிறக்கும். ஆண் கன்று பிறந்தால் மகிழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு தலைமுறைக்குள் ஆண் கன்றே பிறக்காமலிருக்க ஊசி போடும் இடத்துக்கு வந்துவிட்டது. நெல்லைக்குப் பக்கத்தில் ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து வெளியே வரும் இளைஞர்கள்தான் இனி இந்த மாடுகளைப் பார்க்கப் போகிறார்கள். எந்த மாட்டுக்கு எந்தப் பங்கு ரத்தம் என்று எழுதி வைப்பதும், புலிகுளமும் காங்கேயமும் வெச்சூரின் கதிக்கு ஆளாகும் முன் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள் அல்ல.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். எந்த மாட்டிடம் எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்கச் சொன்ன பழமொழி அது. அடுத்த முறை டீக்கடையில் டம்ளரைக் கையில் எடுக்கும்போது, அந்தப் பாலுக்குப் பின்னால் ஒரு ஜெர்சி அப்பனோடு பெயர் தெரியாத ஒரு நெல்லைச் சீமைத் தாயும் இருக்கிறாள் என்பதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.